மூன்றாவது கட்டத்தில் தேதி இல்லை

அன்னதான ஆபீஸில் பசியோடு வருகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். தேதி இல்லாமல் வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் சின்ன ட்ரஸ்ட். தினமும் மதியம் சாப்பாடு. பிறந்தநாள், கல்யாண நாள், பெரியவர்கள் திதி என்று யாராவது ஒருவர் பெயரில் அன்றைய பந்தி நடக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் அவரவர் குடித்தனத்துக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதற்குப் பதிலாகப் பெருமாள் கைங்கரியமாக இருக்கட்டுமே என்று இங்கே வந்து சேர்ந்தேன். படிப்பு பத்தாவது. போன் எடுக்கவும் ரசீது போடவும் அது போதும் என்றார்கள். போதுமாகத்தான் இருந்தது, வெப்சைட் வருகிற வரைக்கும்.

வெப்சைட்டில் ஒரு படிவம். அதில் தேதிக்கென்று மூன்று கட்டங்கள்: பிறந்த தேதி, திருமண தேதி, மறைந்த தேதி. பொருந்துவதை நிரப்ப வேண்டும், பொருந்தாததைக் காலியாக விட வேண்டும். சப்மிட் தட்டினால் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். உரிய நாளில் அதுவே போனுக்கு மெசேஜ் அனுப்பும். இப்படித்தான் சொன்னார், இதைச் செய்து கொடுத்த பிரபாகர் சார். தில்லை நகரில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். எந்தக் குறையைச் சொன்னாலும் "என் கம்ப்யூட்டர்ல சரியா வருதுங்களே" என்பார். உங்கள் ஆபீஸுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். வாய்த்திருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

துவாதசியை விழுங்கிய கட்டம்

உறையூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். வெப்சைட்டில் தானே எல்லாம் நிரப்பியதாகவும், ரசீதில் அப்பாவின் திதியைக் காணோம் என்றும் சொன்னார். என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "ஐப்பசி, தேய்பிறை துவாதசி" என்றார். சரிதானே? நம் வீடுகளில் அப்பா போன மாசம் தெரியும், பட்சம் தெரியும், திதி தெரியும். இங்கிலீஷ் தேதியை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஆனால் அந்தக் கட்டத்துக்கு எண் மட்டும்தான் ஆகும். எழுத்து வந்தால் சண்டை போடாது, தப்பு என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் துடைத்துப் போட்டுவிட்டு, "நன்றி, தங்கள் விவரம் பதிவாகிவிட்டது" என்று பச்சை எழுத்தில் கும்பிடு போடும். அவ்வளவு மரியாதை தெரிந்த கட்டம்.

இதை அவருக்கு எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குத் திதி புரியாது, பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியாகச் சொன்னால் நானே மாற்றிவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினார். பிறகு கேட்டார்:

"பெருமாளுக்குப் புரியற கணக்கு உங்க கம்ப்யூட்டருக்குப் புரியலைன்னா, மாத்த வேண்டியது எதைம்மா?"

திருவெள்ளறையிலிருந்து வந்தவர்

மார்கழி ஆரம்பத்தில் செல்லம்மாள் நேரிலேயே வந்தார். திருவெள்ளறைப் பக்கம் விவசாயக் குடும்பம்; சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் கனகாம்பரம். வீட்டுக்காரர் முத்துசாமிக்கு அவிட்ட நட்சத்திரம். மாசி அவிட்டத்தன்று அவர் பெயரில் சாப்பாடு போட வேண்டும் என்றார். அவரிடம் போன் இல்லை, கொழுந்தனார் நம்பரைக் கொடுத்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாளுக்கான இங்கிலீஷ் தேதியை எழுதிவிட்டு, முறைக்குக் கேட்க வேண்டுமே என்று, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

முத்துசாமி பல வருஷங்களுக்கு முன்னால் மணப்பாறைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவர். மாடும் வரவில்லை, அவரும் வரவில்லை. தேடாத இடமில்லை. போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. காரியம் பண்ணி முடித்துவிடலாம் என்று கொழுந்தனார் வருஷா வருஷம் சொல்கிறாராம். பண்ணினால் பூவும் பொட்டும் தாலியும் போக வேண்டும்; செல்லம்மாள் மசியவில்லை. நான் மூன்றாவது கட்டத்தைக் காட்டி, இதில் என்ன போடட்டும் என்று கேட்டேன். காலியாக இருக்கட்டும் என்றார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"இருந்தப்பவே அந்த மனுஷன் ஒரு வேலையையும் முழுசா முடிச்சதில்லைங்க, இதை மட்டும் முடிச்சிருப்பாருன்னு நான் எப்படி எழுதித் தர்றது?"

ஊருக்கே கல்யாண நாள்

புது வருஷத்தன்று ஆபீஸ் போன் ஓயவில்லை. திருமண தேதியைக் காலியாக விட்ட அத்தனை பேருக்கும் "இனிய திருமண நாள் வாழ்த்துகள்" என்று மெசேஜ் போயிருந்தது. பிரபாகர் சாரைக் கேட்டால், காலியாக வந்த தேதியையெல்லாம் கம்ப்யூட்டர் 1970 ஜனவரி ஒன்று என்று எடுத்துக்கொண்டதாம். ஏன் அந்த நாள் என்றேன். கம்ப்யூட்டருக்குக் காலமே அன்றுதான் தொடங்குகிறதாம். அதற்கு முன்னால் ரங்கநாதர் இல்லை, காவிரி இல்லை, என் மாமியார் இல்லை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆசை தட்டியது, பெருமாள் மன்னிக்கட்டும்.

உடனே செல்லம்மாள் ஞாபகம் வந்தது. மூன்றாவது கட்டமும் இப்படித்தான் நிரம்பியிருக்குமா என்று கேட்டேன். நிரம்பித்தான் இருக்கும், ஆனால் அதற்கு இன்னும் மெசேஜ் போட்டுக் கொடுக்கவில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். அதாவது, செத்தது சேதி போகாத வரைக்கும் செத்ததாகக் கணக்கில்லை. அந்த அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லாததால் கவலைப்பட்டுக்கொண்டேதான் இருந்தேன். அதற்குள் அடுத்த போன். கல்யாணமே செய்துகொள்ளாமல் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருவர். கோபமாகவே இல்லை.

"வாழ்த்துக்கு ரொம்ப நன்றிம்மா. பொண்ணு யாரு, இப்ப எங்க இருக்கான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க, இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருப்பா, பாவம்."

வசந்தா போட்ட தேதி

இதற்குப் பிரபாகர் சார் கண்டுபிடித்த வைத்தியம், எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது. விட்டால் சுற்றிலும் சிவப்புக் கோடு வந்து நிற்கும், சப்மிட் நகராது. முதல் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிற குழந்தைக்கும் கல்யாணத் தேதி வேண்டும், மறைந்த தேதியும் வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் நான் "ரங்கா ரங்கா" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். மேனேஜரிடம் முறையிட்டோம். "இப்போதைக்கு ஏதாவது போடுங்கம்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்த அப்புறம் எந்த மாசம், எந்தத் திதியில் வருகிறது என்று அவர் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலி வசந்தா சுறுசுறுப்பானவள். ஏதாவது போடச் சொன்னார்கள், அவள் போட்டாள். ஒருநாள் வேறு எதற்கோ பட்டியலைத் திறந்து பார்க்கிறேன், எங்களிடம் நன்றாகச் சாப்பிட்டு, கை கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பஸ் கவிழ்ந்த சேதி படிப்பது மாதிரி இருந்தது. இது என்ன தேதிடி என்றேன். தன் கல்யாணத் தேதி என்றாள். யோசிக்காமல் கைக்கு வருவது அது ஒன்றுதானாம். மறைந்த தேதியில் போய் யாராவது கல்யாணத் தேதியைப் போடுவார்களா என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வசந்தா கீபோர்டிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அன்னைக்கோட நானும் முடிஞ்சேன்க்கா, பொருத்தமாத்தான் இருக்கு."

மாலையா, மலர்வளையமா

வசந்தாவின் தேதிகளையும் பழைய 1970-களையும் பிரபாகர் சார் ஒரே மூச்சில் அழித்தார். சிவப்புக் கோட்டையும் எடுத்தார். இனிமேல் காலியாக வந்தால் 1970 வராது, அதற்குப் பதிலாக அன்றைய தேதி விழும்படி செய்துவிட்டேன் என்றார். "இன்னைய தேதிங்கறது யாருக்கும் தப்பா இருக்காதுங்க" என்றார். பிறந்த தேதிக்கும் கல்யாணத் தேதிக்கும் அவர் சொன்னதை எப்படியோ ஜீரணித்துக்கொள்ளலாம். மூன்றாவது கட்டத்தை அவர் நினைத்தே பார்க்கவில்லை. அழித்துக் காலியாக்கிய பழைய பெயர்களும் அழித்த அன்றே அந்தத் தேதியை எடுத்துப் போர்த்திக்கொண்டன. போகிற போக்கில் அந்தக் கட்டத்துக்கு மெசேஜும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குக் கூலி வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

தில்லை நகரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் தன் பெயரில் சாப்பாடு எழுதினார். அடுத்த நிமிஷம் அவர் போனுக்கு ரசீது போயிற்று. பெயருக்கு முன்னால் "அமரர்". கீழே மறைந்த தேதி, இன்று. மனைவி அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர்தானாம், இன்னும் வெளியே வரவில்லையாம். நான் விழுந்து விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, மாலை கொண்டு வர்றதா மலர்வளையம் கொண்டு வர்றதான்னு என் சம்பந்தி கேக்கறார், அவருக்கு ஒரு பதில் சொல்லிட்டீங்கன்னா போதும்."

மாசி அவிட்டம்

செல்லம்மாள் எழுதிய பதிவில் மூன்றாவது கட்டத்தைச் சரி பண்ணிவிடுங்கள் என்று பிரபாகர் சாரிடம் நான் சொன்னேன், ஞாபகப்படுத்தினேன், மறுபடியும் சொன்னேன். மாசி அவிட்டத்தன்று விடிந்ததும் தாயார் சன்னிதியில் நின்று, அந்த அம்மாவின் பெயர் எல்லாருக்கும் ஞாபகத்தில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாயாருக்கு ஞாபகம் இருந்திருக்கும். பிரபாகர் சாருக்கு இல்லை.

செல்லம்மாள் கொழுந்தனாரோடு வந்தார். பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. கொழுந்தனார் கெட்டவர் இல்லை. அண்ணன் போனதிலிருந்து இரண்டு குடும்பத்து வயலையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். போனை என் முன்னால் வைத்தார். "அமரர் முத்துசாமி அவர்களின் நினைவாக இன்று அன்னதானம்." மறைந்த தேதி என்று தை மாசத்தில் ஒரு நாள். "ஸ்ரீரங்கத்துலேர்ந்தே சொல்லிட்டாங்க, இனிமே என்னங்க இருக்கு" என்றார். காலையில் மெசேஜ் வந்த கையோடு அவர் மனைவி, பூ இனிமேல் எதற்கு என்று கேட்டிருக்கிறார். வருகிற அமாவாசைக்குக் காரியம் பண்ண ஐயரிடமும் சொல்லியாயிற்று. செல்லம்மாள் தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இது கம்ப்யூட்டர் தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். மேனேஜர் லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்தித் தருகிறேன் என்றார். கொழுந்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. லெட்டர் யார் வேண்டுமானாலும் எழுதலாம், கம்ப்யூட்டர் சொன்னதைக் கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்லட்டும் என்றார். நியாயம்தானே? நான் முத்துசாமியின் பக்கத்தைத் திறந்து, தேதியை அழித்து, கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு சப்மிட் தட்டினேன். மேஜை மேல் அவர் போன் கிணுங்கியது. அமரர் முத்துசாமி, மறைந்த தேதி இன்று. மறுபடி அழித்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி கிணுங்கியது. நான் தட்டத் தட்ட அந்த மனிதர் புதுசு புதுசாகச் செத்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல தை மாசம்னீங்க, இப்ப இன்னைக்குங்கறீங்க. நீங்களே ஒரு முடிவுக்கு வாங்கம்மா, நான் ஐயருக்குச் சொல்லணும்."

வெறும் இலை

பிரபாகர் சாருக்குப் போன் போட்டேன். நான் யாரிடமும் குரலை உயர்த்துகிறவள் இல்லை. "நீங்க கிளம்பி வர்ற வரைக்கும் போனை வைக்க மாட்டேன், அதுவரைக்கும் விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்லிக்கிட்டிருக்கேன், கேட்டுக்கிட்டே வாங்க" என்று மட்டும் சொன்னேன். பாதி சஹஸ்ரநாமத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் வரும்போது பந்தி வேளை. அந்த வேளையில் யார் வந்தாலும் சாப்பிடாமல் விடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பசியில்லை என்றவரைப் பிடித்துக் கொழுந்தனார் பக்கத்தில் உட்கார வைத்தோம். எதிர் வரிசையில் செல்லம்மாள். வீட்டுக்காரர் பெயரில் நடக்கிற பந்தியில், அது பிறந்தநாள் சாப்பாடா காரியச் சாப்பாடா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிரபாகர் சார் இலையில் எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர்கள் விடுவார்களா? பொரியல்காரர் வந்தார், இலை வெறுமனே இருக்கிறது, ஒரு கரண்டி வைத்தார். பிரபாகர் சார் அதை ஒதுக்கினார். சாம்பார்க்காரர் வந்து, சோறே இல்லையே என்று சோற்றுக்காரரைக் கூப்பிட்டார். வேணாங்க, வேணாங்க என்று இவர் கையால் இலையை மறைக்க மறைக்க, விரல் சந்து வழியாகப் பாயசம் விழுந்தது. "இலையைப் போட்டுட்டு வெறுமனே விட முடியுங்களா" என்றார் பரிமாறுகிறவர். பிரபாகர் சார் பாயசக் கையோடு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். படிவம் காலிக் கட்டத்தை வெறும் இலையாகக் கொண்டு போய் உள்ளே போடுகிறதாம்; உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர், இலை வெறுமனே கிடக்கிறதே என்று ஒரு தேதியைப் பரிமாறிவிடுகிறதாம். காலியாக இருக்க வேண்டுமானால் அங்கே இலையே போடக் கூடாதாம். கை கழுவி வந்து, பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, எங்கள் மாதிரியே அழித்துவிட்டுத் தட்டினார். கொழுந்தனார் போன் கிணுங்கியது. பிரபாகர் சார் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு அடக்கம் வந்தது.

"என் கம்ப்யூட்டர்லயும் தப்பாத்தாங்க வருது."

காலிக் கட்டம்

அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ எழுதினார், அழித்தார், எழுதினார். பந்தி முடிந்து இலை எடுத்து, கூடத்தைக் கழுவிவிட்டார்கள். செல்லம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து கொழுந்தனார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாகப் பிரபாகர் சார் என்னை உட்கார வைத்து, நீங்களே தட்டுங்கள் என்றார். மனசுக்குள் பெருமாளைக் கூப்பிட்டுவிட்டுத் தட்டினேன். போன் கிணுங்கியது. கொழுந்தனார் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பிறகு அண்ணியைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படித்தார்: "திரு. முத்துசாமி அவர்களின் ஜன்ம நட்சத்திரத்தை முன்னிட்டு இன்று அன்னதானம்." அவ்வளவுதான். அமரர் இல்லை, மறைந்த தேதி இல்லை. அங்கேயே ஐயருக்குப் போன் போட்டு, "அமாவாசைக்கு வேணாங்க சாமி, அண்ணன் இன்னும் கணக்குல இருக்காரு" என்றார். போனை வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். அன்றைக்கு வெயில் ஒன்றும் அவ்வளவு இல்லை.

வசந்தா தன் தலையிலிருந்து பாதிப் பூவைக் கிள்ளி செல்லம்மாளுக்கு வைத்துவிட்டாள். செல்லம்மாள் எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார். அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு சின்னக் கட்டம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் விரல் படாமல், அதற்கு முன்னால் ஒருமுறை கையை ஓட்டினார். என் பிள்ளைகள் தூங்குகிறபோது நான் நெற்றிக்கு மேலே அப்படித்தான் கையை ஓட்டுவேன், எழுந்துவிடுவார்களோ என்று. பிறகு பழைய செல்லம்மாளாகத் திரும்பினார்.

"அந்த மனுஷன் வந்தா நேரா இங்கதான் கூட்டியாருவேன், இதைக் காலியா வெச்சுக்கிட்டு எங்களை இத்தனை வருசமா அல்லாட விட்டீரேன்னு நீங்களே நாலு வார்த்தை கேளுங்க."

மனிதர்கள் எழுதாமல் விட்டதை எழுதாமலே வைத்திருக்க ஒரு கம்ப்யூட்டரைப் பழக்குவதற்குள், எங்கள் கையால் சாப்பிட்டவர்களில் பாதிப் பேரை ஒரு தடவையாவது சாகடித்துப் பிழைக்க வைத்த புண்ணியம் எங்களுக்கு வந்து சேர்ந்தது.